பெயர் பெறாத குரல்

திரையிலே ஓர் அணில் பறந்து வருகின்றது. ஒரு சூனியக்காரி கெக்கலி கொட்டிச் சிரிக்கின்றாள். குழந்தைகள் குதூகலிக்கின்றனர். அச்சிரிப்பு யாருடையது என நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? சித்திரமே வாய்திறந்து பேசிற்று என எண்ணி, எழுந்து போய்விடுகின்றோம்.

உண்மை வேறு. ஹொலிவூட்டின் சித்திரப் படங்களிலே பெரும்பாலும் குரலே முதலிற் பிறக்கின்றது. நடிகர் பேசியதைப் பதிவு செய்து, எந்த ஒலி எந்தச் சட்டத்தில் விழுகின்றதென அளந்து குறிப்பர். விநாடியொன்றுக்கு 24 சட்டங்கள். அக்குறிப்பைப் பார்த்தே ஓவியர் வாயசைவை வரைவர். ஆகவே குரல், முடிந்த படத்துக்குப் பூசிய வர்ணமன்று, அதன் அத்திவாரம்.

அந்த அத்திவாரத்தை இட்டவர்களுள் ஒருவர் ஜூன் ஃபோரே. 1917 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிற் பிறந்த இவர், பன்னிரண்டு வயதிலேயே வானொலி நாடகத்தில் நடித்தார். முகங்காட்டாது ஒரு பாத்திரத்தை உயிர்ப்பிக்கும் கலைக்கு வானொலியே பள்ளிக்கூடம். 1950 இல் டிஸ்னியின் ‘சின்டெரெல்லா’விலே லூசிஃபர் என்னும் பூனையானார், அப்பாத்திரத்துக்கு வசனமில்லை, சீறலும் உறுமலுமே நடிப்பு. 1959 இல் தொலைக்காட்சியிலே ரொக்கி என்னும் பறக்கும் அணிலானார். அந்த அணிலைத் தொலைக்கச் சதி செய்யும் நடாஷாவும் அவரே! வெள்ளையுள்ளம் படைத்த சிறுவனும் வஞ்சகியான உளவுக்காரியும் ஒரே தொண்டையில் வாழ்ந்தனர். மூச்சையும் சுருதியையும் உச்சரிப்பையும் நொடிக்கு நொடி மாற்றும் பயிற்சியின் பலன் அது.

ஆயினும் வார்னர் நிறுவனத்துக்காக அவர் பேசிய குறும்படங்கள் பலவற்றிலே திரையில் அவர் பெயர் இல்லை. 1956 இல் சூனியக்காரி ஹேசலாகப் பேசியபோதும் இல்லை. குரலுக்குரிய பெயர் மெல் பிளாங்க் என்னும் நடிகருக்கே என்பது ஒப்பந்தம். அவரை நாம் குறைகூறுவதற்கில்லை. சம்பள உயர்வு கேட்டு மறுக்கப்பட்டபோதே அதற்கு ஈடாக அவர் பெயரைப் பெற்றார் என்பர். கூலிக்குப் பதிலாகப் பெயர் ஒருவருக்கு. பெயரே இல்லாத கூலி மற்றவருக்கு. இதுதான் அத்தொழிலின் நீதி!

ஃபோரே தமக்கு மட்டும் நீதி தேடவில்லை. சித்திரப்படக் கலைஞரின் ஹொலிவூட் சங்கத்தை அமைத்தோருள் ஒருவரானார். 1972 இல் தொடங்கிய ‘அன்னி’ விருதுகள் அவரது எண்ணத்தில் உதித்தவை. முழுநீளச் சித்திரப் படத்துக்குத் தனி ஒஸ்கார் வேண்டுமென நெடுங்காலம் வாதாடினார். 2002 இல் அது முதன்முறையாக வழங்கப்பட்டது. அவருக்கு எம்மி விருது கிடைத்ததோ 2012 இல், 94 ஆவது வயதில். 2017 இல் மறைந்தார்.

அன்று குரலுக்குரியவரின் பெயர் மறைக்கப்பட்டது. இன்று, ஆளின்றியே குரலைப் பிரதிசெய்யும் யந்திரம் வந்துவிட்டது. 2023 இல் ஹொலிவூட் நடிகர்கள் 118 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது, சம்மதமும் ஊதியமுமின்றித் தம்மைப் பிரதிசெய்யலாகாது என்பதும் அவர்களது கோரிக்கையாயிற்று. ஃபோரேயின் கதை பழங்கதையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அடுத்தமுறை திரையிலே ஓர் அணில் பேசும்போது, பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை நாம் சற்று அமர்ந்திருப்போம்.