1977ஆம் ஆண்டுப் பொருளாதார மாற்றமும் இலங்கைப் பெண்களின் தொழிலும்

ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறும்பொழுது அம்மாற்றம் எல்லோரையும் ஒரே வகையாகச் சென்றடைவதில்லை. தொழில் பெற்றோர் எத்துணையர் என்று கணக்கிடும் வரலாறு, தொழில் இழந்தோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் மக்கள் இன்னலுற்றனராயினும், உள்ளூர் உற்பத்திக்கு அஃது அரணாயிற்று. பிறநாட்டுத் துணி அருகியமையால் கிராமங்களிற் கைத்தறி தழைத்தது. நெய்தோர் பெரும்பாலும் பெண்களே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. களை பிடுங்குதலும் பழம் ஆய்தலும் அங்குள்ள பெண்களுக்குக் கூலி தந்தன.

1977 யூலைத் தேர்தலில் வென்ற ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், அவ்வாண்டு நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. மலிவான துணி சந்தையை நிரப்பத் தறிகள் பல ஓய்ந்தன. குடாநாட்டுத் தோட்டச் செய்கையும் தளர்வுற்றது.

மறுபுறம், 1978இல் கட்டுநாயக்கவிற் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. கிராமங்களினின்று வந்த மணமாகாத இளம்பெண்கள் அவற்றின் தையற்பொறிகளை இயக்கினர். மாதச் சம்பளம் அவர்தம் கையில் நேராகச் சேர்ந்தமை பெரும் மாற்றமே. எனினும் நெருக்கடி மிக்க வாடகை அறைகளும் ஓய்வற்ற உற்பத்தி இலக்குகளும் அதன் விலையாயின. 1984இல் திருத்தப்பட்ட சட்டம், தொழிற்சாலைகளிற் பெண்கள் இரவில் வேலைசெய்யவும் வழிவிட்டது.

வேலைகளின் தொகை கூடியது என்பது மறுக்கவொண்ணாதது. ஆயின் இழந்தவரும் பெற்றவரும் ஒருவரல்லர். தறியை இழந்த தாய், பிள்ளைகளை விட்டுக் கட்டுநாயக்க சென்று தங்குதல் அரிது. சென்றாலும் தொழிற்சாலைகள் இளையோரையே விரும்பின. மணமான பெண்கள் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக மேற்காசிய நாடுகளுக்குப் புறப்பட்டனர். வடபுலத்திலோ, 1983க்குப் பின் மூண்ட போர் தென்னிலங்கைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வழியையும் அடைத்தது.

வேலை பெற்றோரின் நிலையும் உறுதியுற்றதன்று. 2011இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் தம் சேமிப்பைக் குறைக்கும் என அஞ்சிக் கட்டுநாயக்கத் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். பொலிசார் சுட்டதில் இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்; அதன் பின்னரே சட்டமூலம் கைவிடப்பட்டது.

சந்தை தொழிலை ஓரிடத்தினின்று பிறிதோரிடத்துக்கு விரைந்து மாற்றவல்லது. குடும்பத்தைத் தாங்கும் பெண் அவ்விரைவில் இடம்பெயர இயலாள். இவ்விடைவெளியை நிரப்புதல் அரசின் கடன். 1977க்குப் பின் அக்கடன் முற்றாக நிறைவேறவில்லை.