சேமிக்கக் கற்பித்த போதகர்

ஸ்கொட்லாந்தின் டம்பிரீஸ் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் றுத்வெல். ஹென்றி டங்கன் என்னும் புரட்டஸ்தாந்துப் போதகர் 1799ஆம் ஆண்டில் அங்கே பணியேற்றார். ஏழைக்கு வேண்டியது பிச்சையன்று, தன் உழைப்பால் தலைநிமிரும் வழியே என்பது அவர் கொள்கை. வங்கிகள் 10 பவுணுக்குக் குறைந்த வைப்பை ஏற்காத அக்காலத்தில், 6 பென்சையும் ஏற்கும் சேமிப்பு வங்கியொன்றை 1810இல் அவர் நிறுவினார். அம்முறை பிரித்தானியா எங்கும் பரவிற்று.

1843இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபை பிளவுற்றது. போதகரைத் தெரியும் உரிமை நிலக்கிழாருக்கா, சபையாருக்கா என்பதே வழக்கு. சபையார் பக்கம் நின்ற 400க்கு மேற்பட்ட போதகர்கள் ஊதியத்தையும் உறைவிடத்தையும் துறந்து வெளியேறினர். எழுபதை அண்மித்திருந்த டங்கனும் அவர்களுள் ஒருவர். முதுமைக்கெனச் சேமிக்குமாறு பிறருக்குக் கற்பித்தவர், மனச்சான்றின் பொருட்டுத் தம் முதுமையின் ஆதாரத்தையே இழந்தார். 1846இல் அவர் மறைந்தார். நிலக்கிழாரின் அவ்வுரிமை 1874இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.