விதியும் வளைவும்: ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் எழுத்துருவின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

அழைப்பிதழ், பட்டயம், விருதுச் சான்றிதழ் முதலிய முறைசார் அச்சாக்கங்களில் பெரிதும் வழங்கும் இலத்தீன் எழுத்துருக்களுள் ஒன்று ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். இதனை 1966ஆம் ஆண்டளவில் மாத்தியூ கார்ட்டர் உருவாக்கினார். இலண்டன் எழுத்தாசிரியர் சார்லஸ் ஸ்னெல்லின் (1667–1733) கையெழுத்தே இதன் மூலம். அக்கையெழுத்து இணைப்புக் குலையாத எழுத்துருவாக ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு சென்றமைக்கான காரணத்தையும், அம்மாற்றத்திற்கு அது ஏற்புடையதாக அமைந்த தன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வனப்பெழுத்து, ரவுண்ட்ஹேண்ட், ஈய அச்சு, ஒளி அச்சுக்கோப்பு, எழுத்துரு.

முன்னுரை

கையெழுத்தைப் பின்பற்றும் எழுத்துருக்களை அழகுணர்ச்சியின் விளைவாக மட்டும் கொள்வது பொதுவழக்கு. எனினும், ஒரு வடிவம் அச்சேறுவதும் ஏறாமற்போவதும் கருவியின் இயல்பைப் பொறுத்தவை. அதனைத் தெளிவாகக் காட்டும் சான்று ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்.

வணிகம் வளர்த்த கையெழுத்து

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வணிகம் விரிவடைந்தபோது, கணக்கேட்டிலும் கடிதத்திலும் விரைந்து எழுதவும் எளிதில் படிக்கவும் ஏற்ற கையெழுத்து வேண்டப்பட்டது. அத்தேவையை ரவுண்ட்ஹேண்ட் நிறைவு செய்தது. வலப்புறச் சாய்வும், அழுத்தத்திற்கேற்பத் தடித்து மெலியும் கோடும், எழுத்தோடு எழுத்தை இணைக்கும் மெல்லிய இழையும் அதன் இயல்புகள். இறகுப் பேனாவால் எழுதப்பட்ட மாதிரிகள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு நூல்களாக வெளிவந்தன. 1733 முதல் 1741 வரை பகுதிபகுதியாக வெளிவந்த ஜார்ஜ் பிக்கமின் 'யூனிவர்சல் பென்மேன்' அவற்றுள் புகழ்பெற்றது.

சார்லஸ் ஸ்னெல் எழுத்தாசிரியர் மட்டுமல்லர், கணக்கறிஞரும் ஆவார். 1720இல் தென்கடல் நிறுவனத்தின் பங்கு மதிப்பு சரிந்ததை அடுத்து, அதனோடு தொடர்புடைய சாபிரிட்ஜ் நிறுவனத்தின் கணக்குகளை ஆய்ந்து அறிக்கை அளித்தவர் இவரே. எழுத்திலும் அவர் கணக்கின் ஒழுங்கையே நாடினார். மிகையான சுழிப்புகளும் விலங்கு, பறவை உருவங்களும் எழுத்துக்கு வேண்டாதவை என்பது அவர் கொள்கை. எழுத்தின் அளவுகளுக்கு நிலையான விதிகளை அவர் வகுத்தபோது, அவருக்கும் ஜான் கிளார்க் எனும் மற்றோர் எழுத்தாசிரியருக்கும் அவ்விதிகள் குறித்து வெளிப்படையான சொற்போர் மூண்டது. எழுத்தின் அழகு விதியில் உள்ளதா, பழகிய கையில் உள்ளதா என்பதே அச்சொற்போர் எழுப்பும் வினா.

ஈய அச்சின் தடை

செப்புத்தகட்டில் முழுப்பக்கமும் ஒரே பரப்பாகச் செதுக்கப்படுவதால் இணைப்பிழை தடையின்றி ஓடும். ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிச் செவ்வகக் கட்டையின்மேல் நிற்கிறது. சாய்ந்த எழுத்தின் தலையோ வாலோ கட்டையின் விளிம்பைத் தாண்டி நீண்டால், தாங்குவதற்கு அடித்தளம் இன்றி எளிதில் முறியும். இரு கட்டைகள் சேருமிடத்தில் சிறு இடைவெளி தோன்றினாலும் இழை அறுந்ததுபோல் தெரியும்.

இத்தடையைக் கடக்கப் பலர் முயன்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ஃபிர்மேன் டிடோ சாய்வான கட்டைகளை வார்த்தும் எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தும் தீர்வு கண்டார். ஆயினும் அச்சுக்கோப்பவருக்கு அது கடும் உழைப்பாயிற்று. பின்னர் வந்த லைனோடைப் வரிவார்ப்புப் பொறியிலோ எழுத்து தன் அச்சுவார்ப்பின் அகலத்தைக் கடந்து அடுத்த எழுத்தின்மேல் நீள இயலாது. சாய்ந்து இணையும் எழுத்துக்கு அப்பொறியில் இடமில்லை.

ஒளி அச்சுக்கோப்பும் கார்ட்டரும்

ஒளி அச்சுக்கோப்பில் எழுத்து உலோகமாக இல்லாமல் படலத்தில் ஒளி பதிக்கும் உருவமாக மாறியது. கட்டை மறைந்ததும் அதன் விளிம்பும் மறைந்தது; ஓர் எழுத்து அடுத்த எழுத்தின் எல்லைக்குள் தடையின்றி நுழையலாயிற்று. 1965இல் அமெரிக்காவின் மெர்கன்தாலர் லைனோடைப் நிறுவனத்தில் சேர்ந்த கார்ட்டர் இவ்வாய்ப்பை உணர்ந்தார். அச்சுக்கலை வரலாற்றறிஞர் ஹாரி கார்ட்டரின் மகனான அவர், நெதர்லாந்தின் என்ஷெடே அச்சகத்தில் எஃகில் எழுத்துச் செதுக்கும் பழந்தொழிலைக் கற்றவர். உலோகத்தின் எல்லையைக் கையால் அறிந்தவர் அவ்வெல்லை நீங்கியதன் பொருளையும் அறிந்தார்.

கையால் எழுதுபவர் அடுத்து வரும் எழுத்துக்கேற்ப இணைப்பிழையை உயர்த்தியும் தாழ்த்தியும் அமைப்பார். எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் வடிவம் ஒன்றே. அதன் வலப்புற இழை, தொடரும் எந்த எழுத்தின் இடப்புறத்தோடும் பொருந்த வேண்டும். சாய்வும் இணைப்பின் உயரமும் சீராக இருந்தாலன்றி இது கைகூடாது. விதிகளுக்கு உட்பட்ட ஸ்னெல்லின் கையெழுத்தில் அச்சீர்மை முன்பே இருந்தது. எழுத்தாசிரியர் ஜார்ஜ் ஷெல்லியின் எழுத்தைத் தழுவி 1972இல் கார்ட்டர் அமைத்த ஷெல்லி ஸ்கிரிப்ட், எளிமையிலிருந்து அணிமிகுதி வரை மூன்று வகைகளாக வெளிவந்தது. ஒரே வகையில் அடங்கிய ஸ்னெல்லின் வடிவத்தோடு இதனை ஒப்பிடுவது தகும்.

மறுதலையான போக்கும் உண்டு. ஹெர்மன் ஸாப்ஃப் உருவாக்கி 1998இல் வெளிவந்த ஸாப்ஃபினோ, ஓரெழுத்துக்குப் பல மாற்றுவடிவங்களைக் கணினியின் துணையால் வழங்குகிறது. ஒரே வடிவம் திரும்பத்திரும்ப வருவதைத் தவிர்த்துக் கையின் தற்செயலை மீட்பதே அதன் நோக்கம்.

முடிவுரை

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் கையெழுத்தின் வெறும் படி அன்று. அக்கையெழுத்தைப் பற்றிய ஒரு விளக்கம். எழுத்துக்கு விதி வேண்டும் என்ற ஸ்னெல்லின் வாதத்தை, அவர் அறிந்திராத ஒரு தொழில்நுட்பம் மெய்ப்பித்தது. ஆயின் விதிக்கு வெளியே கை பெற்றிருந்த உரிமையை அது கைவிட நேர்ந்தது; ஸாப்ஃபினோ போன்ற முயற்சிகள் தேடுவது அவ்வுரிமையையே. எனவே, வனப்பெழுத்துருக்களை மதிப்பிடும் ஆய்வு அவற்றின் எழிலோடு நில்லாமல், எக்கருவி எதனை இயலச் செய்தது, எதனை இழக்கச் செய்தது என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.