புழுவின் பெயரும் இறந்த நேரமும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து

மண்டூர்த் துறையிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை என்னும் படகில் ஏறுபவர்களுக்குப் பச்சையும் நீலமுமாய் மினுங்கும் இலையான்கள் புதியவையல்ல. காயப்போட்ட மீனில் மொய்க்கும் இவையே உயிரற்ற உடலையும் முதலில் தேடி வருகின்றன. இந்த வெக்கையில் அவை இடும் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். எனவே புழுவின் வயதைக் கணித்தால், மரணம் நேர்ந்து குறைந்தது எத்தனை நாள் என்று சொல்லலாம்.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. தென்னாசியாவில் பரவலாகக் காணப்படும் லூசிலியா குப்ரினாவின் இளம் புழுவையும் ஹெமிபிரெல்லியா லிகுரியன்ஸின் இளம் புழுவையும் நுணுக்குக்காட்டியில் வைத்தாலும் பிரித்தறிவது கடினம். வளரும் வேகமோ இனத்துக்கு இனம் வேறு. பெயர் பிழைத்தால் நாட்கணக்கும் பிழைக்கும். குற்றமற்ற ஒருவர் கூண்டில் நிற்க அதுவே போதும்.

இந்த இடத்தில்தான் டி.என்.ஏ. கைகொடுக்கிறது. 1994இல் ஸ்பெர்லிங், ஆண்டர்சன், ஹிக்கி ஆகிய மூவரும் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டி.என்.ஏ.யைக் கொண்டு இத்தகைய ஈக்களை இனங்காணும் வழியை வெளியிட்டனர். 2003இல் கனடாவின் பால் ஹேபர்ட் குழு விலங்குகளுக்கெல்லாம் பொது அடையாளமாக ஓர் இழைமணி மரபணுவை முன்மொழிந்தது. அதில் வழக்கமாக வாசிக்கப்படுவது 658 எழுத்துகள்.

ஆனால் அந்த ஒரு மரபணுவை மட்டும் நம்புவது தவறு. இழைமணி தாய்வழி வருவது. இரண்டு இனங்கள் கலந்தால் தந்தையின் சுவடு அதில் தெரியாது. ஹவாய்த் தீவின் லூசிலியா குப்ரினா ஈக்கள் சிலவற்றில் லூசிலியா செரிகாட்டாவை ஒத்த இழைமணி இருப்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே உயிரணுவின் கருவிலுள்ள ஒரு மரபணுவையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பெயர் சரியாகக் கிடைத்தாலும் நேரம் தானாகக் கிடைத்துவிடாது. இந்தியப் பஞ்சாபிலுள்ள பட்டியாலாவின் மீனாட்சி பாரதியும் தேவிந்தர் சிங்கும் முயல் உடல்களில் பூச்சிகள் வந்தடையும் ஒழுங்கை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். பஞ்சாபின் குளிர்காலம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இல்லை. அங்குள்ள கணக்கை இங்கு இரவல் வாங்க முடியாது. வாவியில் மூழ்கிய உடலில் ஈ முட்டையிடுவதில்லை, அது மிதந்த பிறகே மணிக்கூடு ஓடத் தொடங்கும். இன்னொரு தொல்லை கிறைசோமியா ரூபிபேசீஸ் என்ற ஈ. முள்போன்ற நீட்சிகள் கொண்ட இதன் புழு மற்றப் புழுக்களைத் தின்னும். முந்தி வந்தவை அழிந்து பிந்தி வந்தது மட்டும் எஞ்சினால், கணக்கு உண்மையான காலத்தைவிடக் குறைந்துவிடும்.

எல்லாம் சேகரிக்கும் கையில் இருக்கிறது. புழுக்களில் ஒரு பங்கைச் சுடுநீரில் கொன்று அற்ககோலில் இட வேண்டும். போர்மலின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும், அதைத் தொடவே கூடாது. மறு பங்கை ஈரல் துண்டில் உயிரோடு வளர்த்து, ஈயாக வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஈயின் உடலையும் அதன் மரபணு வாசிப்பையும் ஒரே இலக்கத்தில் இணைத்துப் பாதுகாக்கும் தொகுப்பு ஒன்றை வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் அமைப்பது நியாயம். வளர்ச்சி அட்டவணையையும் இந்த மண்ணிலேயே, வடகீழ்ப் பருவமழைக்கு ஒன்றும் ஆடி வெயிலுக்கு ஒன்றுமாக, தயாரிக்க வேண்டும்.