கப்பலைச் சுமந்த கணினிகள்

1997ஆம் ஆண்டில் வெளிவந்த 'டைட்டானிக்' திரைப்படத்தைக் கண்டோர் கடலைக் கண்டனர், கப்பலைக் கண்டனர். அக்காட்சிகள் பலவற்றைக் கணித்து வரைந்தளித்த கணினிகளைக் கண்டிலர். வினாடிக்கு 24 படச்சட்டங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கணித்தல் வேண்டும். கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியிலிருந்த டிஜிட்டல் டொமைன் நிறுவனம் இதன்பொருட்டு 160 ஆல்பா கணினிகளை வாங்கிற்று. அவற்றுள் 105 கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு இயங்கின. எஞ்சியவற்றில் விண்டோஸ் என்.டி. இருந்தது.

லினக்ஸ், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. ஆறாண்டே நிரம்பிய ஒன்றிடம் இத்துணைப் பெரும்பணியை ஒப்படைத்தது துணிவுதான். விலையின்மையே காரணம் என்பாரும் உளர். அது பாதி உண்மை. யுனிக்ஸ் வழியில் பழகிய வல்லுநர்க்கு லினக்ஸ் புதிதன்று. தம் நிரல்களை அதற்கு மாற்றுவதும் எளிதாயிற்று. அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஆல்பாவில் பின்ன எண்களைக் கணிக்குங்கால் இடர் தோன்றியபோது, மூலநிரல் திறந்திருந்தமையால், இயங்குதளத்தின் உட்கருவையே அவர்கள் திருத்திக்கொண்டனர். மூடிய மென்பொருளாயின் விற்றவரின் மறுமொழிக்குக் காத்திருத்தல் வேண்டும். படம் வெளியாகும் நாளோ காத்திராது.

1998இல் அப்படம் பெற்ற 11 ஆஸ்கார் விருதுகளுள் காட்சி விளைவுகளுக்கானதும் ஒன்று.