உப்பு விற்ற அரசு

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் நோக்கிச் செல்பவர் கண்ணுக்கு, காவிரிப் படுகையின் பசுமை மெல்ல மெல்லக் குறைந்துவருவது தெரியும். வேதாரணியத்தையும் கடந்து அகத்தியம்பள்ளியை அடைந்ததும் நிலமே வெண்ணிறமாகி விடுகிறது. கோடியக்கரைக்குப் பறவைகளைக் காணச் செல்வோரும், அமாவாசை நாள்களில் கடல் நீராடச் செல்வோரும் அந்த உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், அந்தக் குவியல் ஒவ்வொன்றும் அரசாங்கத்தின் கடைச் சரக்கு என்பது அவர்களுள் பலருக்கு நினைவிருக்காது.

அரசு தொழில் நடத்தலாமா, வணிகம் செய்யலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் நெய்வேலியையும் திருச்சி கொதிகலன் ஆலையையும்தான் எண்ணிப் பார்க்கிறோம். விடுதலைக்குப் பிறகு, 1956ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கையோடு தொடங்கிய கதை என்று அதைக் கருதுகிறோம். ஆனால் நம் கடற்கரையில் அக்கதை 1805இலேயே தொடங்கிவிட்டது. அதுவும் தலைகீழான ஒரு முறையில் தொடங்கியது. அரசு ஒரு கம்பெனியை உடைமையாக்கிக் கொள்வது நாம் அறிந்த வழக்கம். இங்கோ ஒரு கம்பெனி, ஓர் அரசையே உடைமையாக்கிக் கொண்டிருந்தது.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் தஞ்சைச் சீமையின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சென்னை மாகாணம் முழுவதும் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கும் சட்டத்தைக் கம்பெனி பிறப்பித்தது. அதன்பின் உப்பு விளைப்பவர் எவராயினும் அதை அரசுக்கே அளக்க வேண்டும். விளைத்தவருக்குக் கொடுக்கப்பட்ட தொகைக்குக் 'குடிவாரம்' என்று பெயர். நெல் வயலில் குடிவாரம் என்றால் விளைச்சலில் பயிரிட்டவனுக்கு உரிய பங்கு. உப்பளத்திலோ அது அரசு நிர்ணயித்த கூலிதான். சொல் ஒன்றாக இருந்தாலும் உரிமை ஒன்றாக இல்லை. அளந்து வாங்கிய உப்பு கொட்டாரங்களில் குவிக்கப்பட்டு, கரிசைக் கணக்கில் வணிகருக்கு விற்கப்பட்டது. கரிசை என்பது சுமார் 120 மணங்கு. தொடக்கத்தில் கரிசைக்கு 70 ரூபாயாக இருந்த விற்பனை விலை, நான்கே ஆண்டுகளில் 105 ரூபாயாயிற்று. கடல்நீரும் வெயிலும் அன்றும் இலவசமாகத்தான் கிடைத்தன.

தனியுரிமைக்கு வேலி வேண்டும். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் ஆட்சி இருந்ததால், அங்கே விளையும் உப்பு எல்லை தாண்டி வந்து விலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் கம்பெனிக்கு இருந்தது. 1815இல் பிரெஞ்சு அரசோடு ஓர் உடன்படிக்கை செய்து, அவர்கள் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் உரிமையையும் தானே பெற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்தது. வேதாரணியச் சதுப்பில் கோடை காலத்தில் மனிதர் கை படாமலேயே உப்புப் பூக்கும். அதை அள்ளுவதும் குற்றமாக்கப்பட்டது. இயற்கை கொடுத்த அந்த உப்பைக் காவலர்கள் மண்ணோடு கலந்து அழித்தார்கள். விற்க முடியாத சரக்கை அழிப்பது வணிகர் வழக்கம். ஆனால் குடிகள் உண்ணும் பொருளை ஆள்பவரே அழிப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது?

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் வாணிகம் முழுவதையும் நிறுத்தியது. துணியும் தேயிலையும் விற்ற கடை மூடப்பட்டது. உப்புக் கொட்டாரம் மட்டும் மூடப்படவில்லை. ஏனெனில் அது வாணிகக் கணக்கில் இல்லை. வருவாய்க் கணக்கில் இருந்தது. 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்து, 1874இல் கம்பெனியே கலைக்கப்பட்ட பின்னும், உப்பில் அரசின் பிடி தளரவில்லை. 1882இல் மணங்குக்கு 2 ரூபாயாக இருந்த வரி, 1888இல் இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்து 1907இல் 1 ரூபாயாயிற்று. 1923இல் சட்டமன்றம் மறுத்தும் வைசிராய் தம் தனி அதிகாரத்தால் அதை மீண்டும் இரண்டரை ரூபாயாக்கினார். மறு ஆண்டே குறைக்க நேர்ந்தது.

இத்தகைய எண்களைப் பழைய கணக்கேடுகளிலிருந்து எடுத்து, அவற்றின் பின்னே நின்ற மனிதரைக் காட்டுவது பொருளாதார வரலாற்று ஆசிரியரின் வேலை. நம் நாட்டில் அவ்வேலையைச் செய்தவர்களுள் இரு பெண்மணிகளை நாம் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் அ. சாரதா ராஜு, 1800 முதல் 1850 வரையிலான சென்னை மாகாணப் பொருளாதார நிலை குறித்த அவரது ஆய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1941இல் வெளியிட்டது. மற்றவர் தர்மா குமார்.

1928இல் பிறந்த தர்மா குமார், புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் கி. வெங்கடராமனின் மகள். பம்பாயிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, ரிசர்வ் வங்கியில் பணியாற்றி, மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 1965இல் வெளிவந்த அவரது நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவின் நிலத்தையும் சாதியையும் பற்றியது. நிலமற்ற கூலிகள் ஆங்கிலேயர் ஆட்சியால்தான் உருவானார்கள் என்று அறிஞர் பலரும் அந்நாளில் நம்பினர். தர்மா குமார் வருவாய் வாரியத்தின் ஆவணங்களைப் புரட்டி, ஆங்கிலேயர் வருவதற்கு முன்னரே இம்மண்ணில் சாதியால் கட்டுண்ட பண்ணையடிமைகள் பெருந்திரளாக இருந்தனர் என்று நிறுவினார். தஞ்சைப் படுகையில் வாழும் நமக்கு அது கேட்க இனிய செய்தியன்று. அந்நியர்மேல் ஏற்றிவைத்த பழியில் ஒரு பகுதியை நம் வாசலுக்கே அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பின்னர் டில்லி பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்றுக்கான ஆய்விதழைப் பல்லாண்டுகள் நடத்தினார். 1983இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதிக்கு அவரே பதிப்பாசிரியர். அதில் அரசின் நிதி அமைப்பு பற்றிய இயலையும் அவரே எழுதினார். நிலவரி, உப்பு, அபினி ஆகிய சிலவற்றையே நம்பி அந்தப் பேரரசு நின்ற வரலாறு அது. அரசே எல்லாவற்றையும் நடத்தினால் நீதி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை மேலோங்கியிருந்த காலத்தில், அவர் அதை ஐயத்தோடு பார்த்தார். 2001இல் மறைந்தார்.

அந்த ஐயத்தை நம் கடற்கரை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இராஜாஜியின் நினைவு வருகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர் படையோடு புறப்பட்டு, தஞ்சைச் சீமையைக் கால்நடையாகக் கடந்து, 28 அன்று அவர் வேதாரணியம் சேர்ந்தார். தொண்டருக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். ஊரார் சோற்று மூட்டைகளை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. வேதாரணியத்தில் அவர்களை ஏற்று நின்ற வேதரத்தினம் பிள்ளை சிறையோடு சொத்திழப்பையும் ஏற்றார். ஏப்ரல் 30இல் இராஜாஜி உப்பு எடுத்துக் கைதானார். மறு ஆண்டு காந்தி–இர்வின் உடன்பாட்டில், உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் தேவைக்கு உப்பு எடுக்க அனுமதி கிடைத்தது. வரி முழுவதும் நீங்கியது 1947 ஏப்ரல் 1 அன்றுதான்.

அதே இராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, விடுதலை பெற்ற அரசு தொழிலையும் வணிகத்தையும் தன் கைக்குள் கொண்டுவருவதை எதிர்த்தார். 'பர்மிட்–லைசென்சு ராஜ்யம்' என்று அவர் அதைக் கடிந்துரைத்தது பலருக்கு நினைவிருக்கும். அவர் செல்வர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அன்று பேசப்பட்டது. அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வேதாரணிய மணலில் நின்றவர், ஆளும் கையே துலாக்கோலையும் பிடிக்கும்போது குடிகள் முறையிட வேறு இடமில்லை என்பதைக் கண்ணால் கண்டவர். அவர் அச்சத்துக்கு அனுபவம் இருந்தது.

விவிலியத்தை ஊன்றிப் படிப்போர் இங்கே ஒன்றை நினைவுகூரலாம். மக்கபேயர் முதல் நூலின் பத்தாம் அதிகாரத்தில், தெமேத்திரியு மன்னன் யூதரின் ஆதரவைப் பெற விரும்பி உப்பு வரியை நீக்குவதாக எழுதுகிறான். யோனத்தானும் மக்களும் அந்தச் சொல்லை நம்பவில்லை என்றும் அதே அதிகாரம் கூறுகிறது.

எனினும், இந்த வரலாற்றைக் கொண்டு அரசு வணிகமே கூடாது என்று முடிவு கட்ட இப்படுகையின் உழவர் ஒருவரும் ஒப்பமாட்டார். 1972இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதல் நிலையங்களில் நெல்லை வாங்குகிறது. குறுவை அறுத்து, வடகிழக்குப் பருவமழை தலைக்குமேல் நிற்கும்போது, அந்த நிலையம் எப்போது திறக்கும் என்று காத்திருப்பவருக்கு அரசுதான் பெரிய வணிகர். தனியார் வியாபாரி கேட்கும் விலைக்கு முன்னால் அவருக்கு உள்ள ஒரே துணையும் அதுவே. உப்புக் கொட்டாரத்தில் குடிகள் விரும்பாமல் அளந்தார்கள். நெல் நிலையத்திலோ விரும்பி வரிசையில் நிற்கிறார்கள். அன்றைய அரசு வேறு எவரும் வாங்கக் கூடாது என்று தடுத்தது. இன்று விருப்பமிருந்தால் பிறரிடம் விற்கலாம். விலையைக் கேள்வி கேட்கச் சட்டமன்றமும் வாக்குச் சீட்டும் இருக்கின்றன. எடை குறைந்தது, ஈரப்பதம் மிகுந்தது, சாக்கு இல்லை என்ற முறையீடுகள் ஆண்டுதோறும் எழத்தான் செய்கின்றன. 1805இல் கரிசைக் கணக்கைப் பற்றி முறையிட்டவர் எங்கே போயிருப்பார்?

உப்பைப் பொறுத்தவரை அரசு முற்றிலும் விலகிவிடவுமில்லை. அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் உப்பு இன்றும் இருக்கிறது. மத்திய அரசு 1958இல் இந்துஸ்தான் சால்ட்ஸ் நிறுவனத்தையும், தமிழக அரசு 1974இல் தமிழ்நாடு உப்புக் கழகத்தையும் அமைத்தன. பின்னதன் உப்பளங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளன. வேதாரணியப் பகுதியில் தனியார் நிறுவனமும் சிறு உற்பத்தியாளரும் உப்பு விளைக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது பாத்திகளும் வரப்புகளும் சேறாயின. அவற்றைத் திரும்பக் கட்டியவர்கள் பெரும்பாலும் அங்கேயே கூலிக்கு உழைக்கும் ஆண்களும் பெண்களுமே. நெடுங்காலம் நின்றுபோயிருந்த திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி இரயில் 2023 ஏப்ரலில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்தக் கடைசி நிலையத்தில் இறங்குபவர் சற்றுத் தொலைவு நடந்தால், இராஜாஜி உப்பு எடுத்த இடத்தில் நினைவுத் தூண் நிற்பதைக் காணலாம்.