கல்லீரல் மாற்று அறுவையும் இரத்தக் கொழுப்பும்

முற்றிய கல்லீரல் நோய்க்கான மாற்று அறுவையை, 1963இல் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலில் மனிதரிடம் மேற்கொண்டார். கொலஸ்டிராலையும் அதைச் சுமந்து செல்லும் புரதங்களையும் உருவாக்குவதில் கல்லீரலுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) முற்றும்போது இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைகிறது. பித்தம் தேங்கும் நோய்களில் மிகுகிறது. சிரோசிஸ் நோயாளிக்குப் புதிய கல்லீரல் இயங்கத் தொடங்கியபின் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் பெரும்பாலும் உயர்கின்றன. எடை கூடுதல், நீரிழிவு ஆகியவற்றோடு, உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளும் இதற்குக் காரணம்: ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ் ஆகியவை கொழுப்பை ஏற்றும், டாக்ரோலிமஸின் தாக்கம் குறைவு. உணவுக் கட்டுப்பாடும் ஸ்டாட்டின் மருந்துகளும் சிகிச்சை. சைக்ளோஸ்போரினுடன் சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசைச் சிதைவு நேரலாம். ஆகவே அவ்விரண்டும் சேர்த்துத் தரப்படுவதில்லை.